நாவலைப் பாதியில் மூடி வைக்கும் முன்

ஆசையாக வாங்கிய நாவல் அறுபதாம் பக்கத்தோடு நின்றுபோவது பலர் வீட்டிலும் நடப்பதுதான். "இப்பல்லாம் படிக்கவே முடியல, மனசு நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் பழியை முழுக்கத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு படிக்கிற முறையில்தான் இருக்கிறது. முறையை மாற்றிப் பார்த்தும் ஓடவில்லை என்றால் அந்த நாவலைத் தயங்காமல் விட்டுவிடலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நல்ல நாவல்கள் பாதியில் நிற்கின்றன, ஒட்டவே ஒட்டாத நாவல்கள் மாதக்கணக்கில் தலைமாட்டில் கிடக்கின்றன.

முதல் தவறு, எல்லா நாவலையும் ஒரே வேகத்தில் படிக்கப் பார்ப்பது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர். அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும். முன்பு நடந்ததைப் பாத்திரங்கள் அவ்வப்போது திரும்பச் சொல்வதும் அதற்காகத்தான். விடுமுறை நாளில் ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் ஓட்டினால் அந்த முடிச்சுகளே அலுத்துப்போகும், கதையை இழுக்கிறாரே என்று தோன்றும். நாளுக்கு மூன்று நான்கு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அதே முடிச்சுகள் மறுநாள் மாலை வரை மனதில் ஓடும்.

இதற்கு நேர் எதிரான நாவல்களும் உண்டு. உம்பர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' இத்தாலிய மலைப்பகுதி மடாலயம் ஒன்றில் நடக்கும் கொலைகளைப் பற்றியது. முதல் நூறு பக்கம் கடினமாக இருக்கிறது, சுருக்கித் தாருங்கள் என்று நண்பர்களும் பதிப்பகத்தாரும் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் ஏழு நாள் தங்க வருகிறவர் அந்த இடத்தின் வேகத்துக்குப் பழகியாக வேண்டும், முடியாதவருக்கு இந்த நூல் வேண்டாம் என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இப்படிப்பட்ட நாவலை இரவு தூங்கப் போகும் முன் பத்துப் பத்து நிமிடமாகத் தொட்டால் ஒருபோதும் உள்ளே போக முடியாது. முதல் அமர்வுக்காவது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த நாள் எடுக்கும்போது கடைசியாகப் படித்த இரண்டு பக்கத்தை மறுபடி பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பெயர்க் குழப்பத்தைச் சகித்துக்கொண்டே போவது இன்னொரு தவறு. ரஷ்ய நாவல்களைக் கைவிட்டவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்லும் காரணம் இதுதான். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகவ் என்பது குடும்பப் பெயர். மரியாதையாகப் பேசுகிறவர்கள் இயற்பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து ரொடியான் ரொமானொவிச் என்பார்கள். அம்மாவுக்கு அவன் ரோத்யா. மூன்று ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு ஐம்பது பக்கம் போனவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? நம் சரித்திர நாவல்களிலும் இது உண்டு: அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் ஒருவர்தான், குந்தவையும் இளையபிராட்டியும் ஒருவர்தான். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் பெயர், உறவு, எந்தப் பக்கத்தில் வந்தார் என்று குறித்துக்கொண்டே போங்கள். நூலகப் புத்தகம் என்றால் ஒரு துண்டுக் காகிதம் போதும்.

அப்புறம் வட்டார வழக்கு. கி. ராஜநாராயணனின் கரிசல் மொழியோ ஈழத்து எழுத்தோ முதன்முதலாகக் கையில் கிடைக்கும்போது, புரியாத ஒவ்வொரு சொல்லிலும் நின்று செல்போனில் தேடுவார்கள். தேடிய கையோடு வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்ப்பார்கள், கதை அங்கேயே அறுந்துபோகும். கமலை இறைக்கும் காட்சியில் வடம் எது, வால்கயிறு எது, கூனை எது என்று தெரியாவிட்டாலும், மாடு சரிவில் இறங்க இறங்கத் தண்ணீர் மேலே வருகிறது என்பது புரிந்துவிடும். அது போதும், மேலே போங்கள். சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவைத்துப் பிறகு தேடிக்கொள்ளலாம்; கி.ரா.வே கரிசல் சொற்களுக்கு அகராதி தொகுத்திருக்கிறார். முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு முரண்டு பிடிக்கிற நடை பல சமயம் காதுக்கு உடனே வசப்படும். செல்போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். பழைய நாவல்களின் புதிய பதிப்புகளில் வரும் நீண்ட முன்னுரைகள் கதையின் முடிவு வரை பேசிவிடுகின்றன.

இனி விடுவதைப் பற்றி. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வருகிற பக்கங்கள் படித்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது, பக்கங்களைத் தாண்டிப் போவதையும் நூலை முடிக்காமல் விடுவதையும் அதில் சேர்த்தார். இருநூற்றைம்பது பக்க நாவலுக்கு ஐம்பது பக்கம் சரியான அளவு. 'காவல் கோட்டம்', 'அஞ்ஞாடி' போல ஆயிரம் பக்கம் போகிறவற்றுக்கு அது வாசற்படிகூட இல்லை, நூறு பக்கமாவது கொடுக்க வேண்டும்.

பக்கக் கணக்கைவிட முக்கியம், ஏன் நின்றோம் என்று பார்ப்பது. குழப்பமாக இருக்கிறது, ஆனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று வேலைக்கு நடுவில் நினைவு வருகிறது என்றால் தொடருங்கள், அந்த நாவல் உங்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. எல்லாம் தெளிவாகப் புரிகிறது, ஆனால் யார் வாழ்ந்தாலும் செத்தாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கே மூடிவிடுங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியத்தை மூன்று முறை படித்தும் யார் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லையா? வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மூல எழுத்தாளரைத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும் நேரத்தில் மரணத்தைப் பற்றிய நாவலைத் தாங்க முடியாமல் போவது இயல்பு. அதை ஒத்திவைத்தால் போதும்.

காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று முக்கி முனகி முடிப்பவர்கள் உண்டு. கொடுத்த காசு கொடுத்ததுதான். அந்த நாவலோடு மல்லுக்கட்டுகிற மூன்று மாதத்தில் வேறெதையும் தொடாமல் போவதுதான் உண்மையான நஷ்டம். ஆண்டுக்கு இத்தனை நூல் என்று இலக்கு வைத்து ஓடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும்: எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற பயத்தில் பெரிய நாவலைத் தொடவே மாட்டார்கள்.

விடும்போது எந்தப் பக்கத்தில், எதற்காக விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லை, இது எனக்கில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் படிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அறுபது பக்கத்தை வைத்துக்கொண்டு "மோசமான நாவல்" என்று ஊருக்குச் சொல்லாதீர்கள், எனக்கு ஓடவில்லை என்று சொன்னால் போதும். பெரிய நாவல் ஒன்றை விட்ட கையோடு இன்னொரு தடிமனான நூலை எடுப்பதையும் தவிருங்கள். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்' மாதிரி இரண்டு அமர்வில் முடிகிற சிறிய நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, பிறகு பெரியதற்குப் போகலாம்.