உள்ளே நீலம், வெளியே ஆரஞ்சு: மாக்கியா கிண்ணம் ஊதும் முறை

சியாட்டிலில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கண்ணாடி உலைக்கூடத்தில்தான் நான் ஊதப் பழகினேன். அங்கே செய்த முதல் இருநிறக் கிண்ணம் சேற்று நிறத்தில் வந்தது. உள்ளே நீலம், வெளியே ஆரஞ்சு வைத்திருந்தேன். ஒன்றின் வழியே மற்றது தெரிந்து இரண்டுமே கெட்டுப்போயின. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியின் மாக்கியா கிண்ணங்களை உற்றுப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. தன் கூடத்திலிருந்த 300 நிறங்களையும் பயன்படுத்தும் ஆசையில் அவர் 1981-இல் தொடங்கிய வரிசை அது. உள்நிறத்துக்கும் வெளிநிறத்துக்கும் நடுவில் ஒளிபுகாத வெள்ளை ஓர் அடுக்கு இருக்கும். அவ்வளவுதான் ரகசியம்!

துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். 1979-இல் தோள்பட்டை விலகிய பிறகு சிஹூலியே ஊதுகுழலை விட்டுவிட்டு, குழுவை வைத்துத்தான் செய்தார். பருத்தி உடை போடுங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். நிறத்தூள்கள் எல்லாம் உங்கள் உலைக் கண்ணாடியோடு ஒத்துச் சுருங்குபவையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது விரிசல் விடும்.

ஊதுகுழலின் நுனியைச் சூடாக்கி, சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலையிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழம்பைச் சுற்றி எடுங்கள். தேன் எடுப்பது போலத்தான். இனி குழல் ஒரு நொடிகூடச் சுழலாமல் நிற்கக் கூடாது. நின்றால் குழம்பு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும்.

இரும்பு மேசையில் உருட்டி, நீலத்தூளில் புரட்டி, சூட்டடுப்பில் காட்டி உருக்குங்கள். சிறு குமிழி ஊதுங்கள். அப்புறம் வெள்ளைத்தூள். இங்கே அவசரப்படாதீர்கள். வெள்ளையில் இடைவெளி இருந்தால் அங்கே மட்டும் நிறம் அழுக்காகத் தெரியும். நான் இரண்டு முறை புரட்டி, இரண்டு முறையும் முழுதாக உருக்குவேன். குமிழி சற்று இறுகியதும் உலையில் இன்னொரு சுற்று எடுத்து, ஆரஞ்சுச் சில்லுகளில் புரட்டுங்கள். சில்லுகள் அங்கங்கே விழட்டும், பரப்பி நிரப்ப வேண்டாம். மாக்கியா என்றால் இத்தாலிய மொழியில் புள்ளி, கறை என்று பொருள்.

நனைத்த செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்து உருவம் கொடுத்து, ஊதிப் பெரிதாக்கி, கழுத்தை இடுக்கியால் ஒடுக்குங்கள். துணையாள் அடியில் பண்டி கம்பியை (கிண்ணத்தை அடியிலிருந்து தாங்கும் இரும்புக் கம்பி) ஒட்டியதும், கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழலைத் தட்டினால் கிண்ணம் கம்பிக்கு மாறிவிடும். வாயைச் சுற்றி உருகிய மஞ்சள் கண்ணாடி இழை ஒன்றை விடச் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த கட்டம். வாயை இடுக்கியால் விரித்து, தளதளவென்று ஆகும்வரை சூடாக்கி, கம்பியைத் தரை நோக்கிச் சாய்த்து வேகமாகச் சுழற்றுங்கள். விளிம்பு பாவாடை போல விரியும். வேகத்தைக் குறைத்ததும் மடிப்புகள் தாமாக விழும். அவற்றைக் கையால் திருத்தப் போகாதீர்கள்.

கம்பியிலிருந்து தட்டிவிட்டு உடனே சுமார் 480 டிகிரி ஆற்றும் அடுப்புக்குள் வையுங்கள். மறுநாள்வரை திறக்காதீர்கள். ஆசைப்பட்டு ஒருமுறை சீக்கிரம் திறந்தேன். கிண்ணம் என் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது. நன்றாக ஆறிய பிறகு, அடியிலுள்ள பண்டித் தழும்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளலாம்.