குமுளிக் கடை சர்வருக்கு நிலையான ஐபி வைப்பது எப்படி?

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடை. பில்லிங் சாஃப்ட்வேர் உள்ளறையில் உபுண்டு சர்வரில் ஓடுகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி (நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரி எண்) கொடுத்துவிட்டால் கல்லாவில் பில் நின்றுவிடும். ஐபியைக் கையால் எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. (கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்; டைப் செய்வது ஆங்கிலச் சின்ன எழுத்தில்.)

1. 'ஐபி ஏ' அடித்தால் நெட்வொர்க் கார்டின் பெயர் தெரியும், 'ஈஎன்பி3எஸ்0' மாதிரி. 'ஐபி ஆர்' காட்டும் வரியில் 'டீஃபால்ட் வியா'வுக்கு அடுத்த எண்தான் கேட்வே, அதாவது நெட்டுக்கு வெளியே போகும் வழியான ரவுட்டரின் ஐபி. இரண்டையும் பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். ரவுட்டரின் டிஹெச்சிபி எல்லையை, அதாவது அது தானாகப் பங்கிடும் ஐபிகளின் வரிசையைப் பாருங்கள். அது 192.168.1.100 முதல் 200 வரை என்றால், சர்வருக்கு அதற்கு வெளியே, 192.168.1.10 போல ஒன்றை எடுங்கள். உள்ளே எடுத்தால் யாரோ வாடிக்கையாளரின் போனுக்கும் ஒருநாள் அதே எண் போய்ச் சேரலாம். அப்போது நெட் வரும், போகும், காரணமே பிடிபடாது.

3. 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'நெட்பிளான்' (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) ஃபோல்டர். அங்குள்ள 'யாமல்' ஃபைலை (அமைப்பை எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) முதலில் ஹோம் ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். நகலை அங்கேயே வைக்க வேண்டாம்; அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா யாமலையும் நெட்பிளான் படிக்கும். பிறகு சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு நானோ எடிட்டரில் திறந்து, கார்டின் பெயருக்குக் கீழே:

டிஹெச்சிபி4: ஃபால்ஸ்
அட்ரஸஸ்: [192.168.1.10/24]
ரவுட்ஸ்: 'டு' டீஃபால்ட், 'வியா' கேட்வே எண்
நேம்சர்வர்ஸ்: அதற்குள் அட்ரஸஸ் [1.1.1.1, 8.8.8.8]

உள்ளே தள்ளுவதற்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் கூடாது. பழைய பதிவுகளில் வரும் 'கேட்வே4' கைவிடப்பட்டுவிட்டது. ஃபைல் பெயரில் 'கிளவுட்-இனிட்' (சர்வரைத் தானாக அமைத்துக் கொடுக்கும் நிரல்) இருந்தால், அந்த நிரல் உங்கள் மாற்றத்தை அழித்து மறுபடி எழுதக்கூடும். அதன் நெட்வொர்க் வேலையை முதலில் நிறுத்துங்கள்.

4. 'சுடோ நெட்பிளான் டிரை'. நேராக 'அப்ளை' வேண்டாம். 120 நொடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். கம்பம் ஊரில் உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்து சர்வரை இயக்கும் இணைப்பு) வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய துணை. இல்லையென்றால் லோயர் கேம்ப் தாண்டி மலையேற வேண்டும். ஆனால் ஐபியே மாறும்போது எஸ்எஸ்ஹெச் தொங்கிவிடும், என்டர் தட்ட முடியாது. அந்த முதல் மாற்றத்தைக் கடையிலேயே, சர்வர் திரைமுன் செய்யுங்கள்.

5. கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். கடைசி மட்டும் தோற்றால், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் நேம்சர்வர்ஸ் வரியைப் பாருங்கள். மூன்றும் சரி என்றால் ஒருமுறை ரீபூட் செய்து, 'ஐபி ஏ'யில் அதே எண் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கல்லாக் கம்ப்யூட்டர்களில் புது எண்ணைப் போடுங்கள்.