பெரிய பாஸ் பிடிக்கணுமா? லூர்ல ஆரம்பிங்க, ராட் அப்புறம் பார்த்துக்கலாம்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப பாஸ்ங்கற ஏரி மீனைப் பிடிக்க இறங்கிட்டாங்க. எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "பாஸு, எந்த ராட் வாங்கலாம்?" கடைக்குப் போய் பளபளன்னு இருக்கற ராட் (தூண்டில் கம்பு) ஒண்ணை எடுத்துட்டு, அதுக்கு ஒரு ரீல் (நூல் சுத்தற சக்கரம்), அப்புறம் கலர் கலரா அம்பது லூர் (மீனை ஏமாத்தற செயற்கை இரை), எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து பார்த்தா ஒண்ணுக்கு ஒண்ணு செட்டே ஆகாது. நான் சொல்றது தலைகீழ் வரிசை. முதல்ல ஏரி, அப்புறம் லூர், லூருக்கு ஏத்த லைன் (தூண்டில் நூல்), லைனுக்கு ஏத்த ராட், கடைசியா ரீல். இப்படிப் போனா வாங்கறது ரொம்பக் கம்மியா இருக்கும், வாங்கினது எல்லாம் வேலைக்கும் ஆகும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது நாள் முழுக்க குட்டி குட்டியா இருபது மீன் பிடிக்கறதுக்கான பதிவு இல்ல. வீட்டுப் பக்கத்து குளத்துல ரெண்டு பவுண்டு மீன் பிடிக்க சின்ன ஸ்பின்னிங் ராடும் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் புழுவும் போதும். இங்க பேசறது எட்டு பவுண்டு, பத்து பவுண்டு சமாச்சாரம்.

முதல் படி: லைசென்ஸ், ஏரி, சீசன்

டெக்சஸ்ல 17 வயசு ஆயிட்டா லைசென்ஸ் வேணும், பசங்களுக்கு வேண்டாம். ஸ்டேட் பார்க் உள்ள கரையில இருந்தோ பியர்ல (தண்ணிக்குள்ள நீண்டு போற மேடை) இருந்தோ தூண்டில் போட்டா பெரியவங்களுக்கும் லைசென்ஸ் கேக்கறதில்ல, அதனால நமக்கு இது ஒத்து வருமான்னு பார்க்கறவங்க மொதல்ல அங்க போய்ப் பாருங்க.

பெரிய மீன் இல்லாத ஏரியில எந்த லூர் போட்டும் பெரிய மீன் வராது. சிரிக்காதீங்க, இதைத்தான் பாதிப் பேரு மறந்துடறாங்க. டெக்சஸ்ல பேர் போன ஏரின்னா லேக் ஃபோர்க். 27,000 ஏக்கருக்கு மேல, தண்ணி நிரப்பும்போது மரத்தை எல்லாம் வெட்டாம அப்படியே விட்டதால இன்னிக்கும் உள்ள பட்டுப்போன மரம் காடு மாதிரி நிக்கும், சீக்கிரம் பெருசா வளர்ற ஃப்ளோரிடா வகை பாஸை ஆரம்பத்திலயே கொண்டு வந்து விட்டாங்க. மாநில ரெக்கார்டு 18.18 பவுண்டு மீன், 1992 ஜனவரியில பேரி செயின்ட் கிளேர் பிடிச்சது, இங்கதான். இதுல ஒரு வேடிக்கை, அவரு பெரிய லூர் எதுவும் போடல, கிராப்பிங்கற வேற மீனைப் பிடிக்கலாம்னு உயிரோட இருக்கற சின்ன மீனைக் கோத்துப் போட்டிருந்தாரு. அதிர்ஷ்டம்னா அது. நாம அதை நம்பி உக்கார முடியாது.

பெருசா வளர்றது எல்லாம் பெட்டை மீன்தான், ஆண் மீன் அஞ்சு பவுண்டைத் தாண்டறதே அபூர்வம். அந்தப் பெட்டை மீன் சினையோட, இருக்கறதுலயே அதிக எடையில, கரைக்குக் கிட்ட வர்ற நேரம் குளிர் முடியப் போற பிப்ரவரி, மார்ச். தண்ணி 55ல இருந்து 65 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது முட்டை போடறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிடும். படகு இல்லாதவங்களுக்கும் வாய்ப்பு கிடைக்கறது இந்த ரெண்டு மாசத்துலதான்.

ரெண்டாவது படி: லூர், நாலே நாலு

பெரிய மீனோட கணக்கு சிம்பிள். ஓடி ஓடி பத்து சின்ன மீன் பிடிக்கறதை விட, பக்கத்துல மெதுவா போற ஒரு பெரிய இரையை அப்படியே வாயில வாங்கிக்கறது அதுக்கு லாபம். அதனால சைஸ் பெருசு, வேகம் கம்மி, மறைவு இருக்கற இடம், இந்த மூணையும் மனசுல வெச்சுட்டு லூர் எடுங்க.

முதல்ல ஜிக், அதாவது கனமான தலை வெச்ச முள்ளு. அரை அவுன்ஸ், பின்னாடி முள்ளுல கோக்க, இறால் மாதிரி இருக்கற க்ராஃபிஷ் வடிவத்துல ஒரு பிளாஸ்டிக் ட்ரெய்லர். கலங்கல் தண்ணின்னா கருப்பும் நீலமும், தெளிஞ்ச தண்ணின்னா கிரீன் பம்ப்கின் (பழுப்பு கலந்த பச்சை), வேற கலரே வேண்டாம். புதுசா வாங்கின ஜிக்ல முள்ளுக்கு முன்னாடி பிரஷ் மாதிரி ஒரு பாசித் தடுப்பு இருக்கும் பாருங்க, நிறைய கம்பெனி அதை ரொம்ப விறைப்பா வெச்சிருப்பாங்க, விரலால அழுத்தினா மடங்கணும், மடங்கலைன்னா ஓரத்துல நாலஞ்சு இழையை கட்டரால வெட்டி விடுங்க. இல்லைன்னா மீன் கடிக்கும், முள்ளு ஏறாது, நீங்க மீன் மேல பழி போடுவீங்க.

ரெண்டாவது, டெக்சஸ் ரிக்ல (முள்ளு முனையைப் புழுவுக்குள்ள மறைச்சுக் கோக்கற முறை) பத்து இன்ச் பிளாஸ்டிக் புழு. ஆரம்பிக்கறவங்க ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா இதை வாங்குங்க. இதைக் கோக்கறதை மட்டும் கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா இங்கதான் எல்லாரும் சொதப்பறாங்க. லைனை புல்லட் வெயிட்டோட (துப்பாக்கிக் குண்டு வடிவத்துல இருக்கற எடை) கூர் பக்கமா உள்ள விட்டு அகலமான பக்கமா வெளிய எடுங்க, அப்புறம் 5/0 சைஸ் ஆஃப்செட் முள்ளை (கழுத்துல ஒரு வளைவு இருக்கறது) கட்டுங்க. முள்ளு முனையை புழுவோட தலையில நேரா கால் இன்ச் குத்தி பக்கவாட்டுல வெளிய எடுங்க, கழுத்துல அந்த வளைவு இருக்கற வரைக்கும் புழுவை மேல தள்ளுங்க, இப்ப முள்ளை அரைச் சுத்து திருப்பினா முனை புழுவைப் பார்த்து நிக்கும். உடனே குத்தாதீங்க. புழுவைத் தொங்க விட்டு, முள்ளோட அடி வளைவு புழு மேல எந்த இடத்துல படுதுன்னு நகத்தால அடையாளம் வெச்சு அங்க நேரா குத்தி அந்தப் பக்கம் எடுங்க. முனையை மட்டும் தோல்ல லேசா சொருகி மறைச்சிடுங்க, பாசியில மாட்டாது. எல்லாம் முடிஞ்சு தூக்கிப் பிடிச்சா புழு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா தொங்கணும். கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் தண்ணிக்குள்ள சுத்தும், லைன் முறுக்கிக்கும், கழட்டி மறுபடி கோருங்க.

வெயிட்டு டங்ஸ்டன்ல வாங்கினா நல்லது. விலை ஜாஸ்திதான், ஆனா அதே எடைக்கு ஈயத்தை விட சின்னதா இருக்கும், அடியில இருக்கறது கல்லா மரமான்னு கைக்கு டக்குனு தெரியும். 3/8 அவுன்ஸ்ல ஒரு பாக்கெட் போதும். அடர்த்தியான பாசிக்குள்ள போடும்போது வெயிட்டு கீழயும் புழு மேலயுமா பிரிஞ்சு போகாம இருக்க ஒரு ரப்பர் ஸ்டாப்பர் போட்டுக்கங்க.

மூணாவது லிப்லெஸ் க்ராங்க்பெய்ட் (குட்டி மீன் வடிவத்துல இருக்கற கெட்டி லூர்), ராட்டில்ட்ராப் மாதிரி, அரை அவுன்ஸ், சிவப்பு. கிழக்கு டெக்சஸ்காரங்க பிப்ரவரியில இது இல்லாம வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாங்க. தண்ணிக்கு அடியில வளர்ற ஹைட்ரில்லா பாசி மேல உரசற மாதிரி சுத்திட்டு வரணும், பாசியில மாட்டும்போது ராடை வெடுக்குன்னு ஒரு இழு, அது பிச்சுக்கிட்டு வெளிய வர்ற அந்த நொடியிலதான் கடி விழும். மாட்டாமயே வருதுன்னா நீங்க ரொம்ப மேல ஓட்டறீங்கன்னு அர்த்தம்.

நாலாவது தவளை, கோடைக்கு. ஊர்ல விராலுக்கு ரப்பர் தவளை போட்ட கைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம், அதே வேலைதான்.

நிஜ மீன் மாதிரியே இருக்கற பெரிய ஸ்விம்பெய்ட், க்ளைட் பெய்ட் எல்லாம் எங்கன்னு கேப்பீங்க. ராட்சச மீனுக்கு அது நல்ல ஆயுதம்தான், கலிஃபோர்னியாவுல ட்ரௌட் மீனைத் தின்னு கொழுத்த பாஸை அப்படித்தான் பிடிக்கறாங்க. ஆனா ஒரு லூரே எக்கச்சக்க விலை, அதுக்குன்னு தனி ராட், தனி ரீல், நாள் முழுக்க வீசினா தோள்பட்டை கழண்டுடும். முதல் வருஷம் வேண்டாம்.

மூணாவது படி: லைன்

ஊர்ல தங்கூஸ்னு ஒரே ரகத்தை வெச்சு எல்லா மீனும் பிடிச்சோம், இங்க மூணு இருக்கு. மோனோ மிதக்கும், இழுத்தா நீளும், விலை கம்மி. ஃப்ளோரோகார்பன் முங்கும், தண்ணிக்குள்ள அவ்வளவா கண்ணுக்குத் தெரியாது, மரத்துல உரசினாலும் தாங்கும். பிரெய்டு நீளவே நீளாது, பாசியைக் கத்தி மாதிரி அறுத்துட்டு வரும், ஆனா தெளிஞ்ச தண்ணியில அப்பட்டமா தெரியும்.

ஜிக், புழு, லிப்லெஸ் மூணுக்கும் 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன், மரம் அதிகமா இருந்தா 20. தவளைக்கு 50ல இருந்து 65 பவுண்டு பிரெய்டு, கம்மி பண்ணாதீங்க. மீன் சின்னதுதானே எதுக்கு 65ன்னு கேட்டா, அது மீனுக்கு இல்ல, மீனோட சேர்ந்து வர்ற அஞ்சு கிலோ பாசிக்கு.

ரெண்டு மூணு மீன் பிடிச்சதும், இல்ல மரத்துல நல்லா உரசினதும், கடைசி ரெண்டு அடி லைனை விரலுக்கு நடுவுல உருவிப் பாருங்க, சொரசொரன்னு பட்டா வெட்டிட்டுப் புதுசா கட்டுங்க. முடிச்சு பாலமர் ஒண்ணு தெரிஞ்சா போதும், லைனை ரெண்டா மடிச்சு முள்ளோட கண்ணுல விட்டு, சும்மா ஒரு முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள்ள முள்ளையே நுழைச்சு எடுத்து, எச்சில் தொட்டு மெதுவா இறுக்கணும். எச்சில் தொடாம இழுத்தா ஃப்ளோரோகார்பன் சூடாகி அந்த இடத்துலயே வீக் ஆயிடும்.

முள்ளு கூரா இருக்கான்னு பார்க்க கட்டை விரல் நகத்து மேல முனையை லேசா வெச்சு இழுங்க. நகத்துல பிடிச்சுக்கிச்சுன்னா ஓகே, வழுக்கிட்டுப் போச்சுன்னா மாத்துங்க. ராட்ல மிச்சம் பிடிச்சாலும் முள்ளுலயும் லைன்லயும் மிச்சம் பிடிக்காதீங்க.

நாலாவது படி: ராட்

இப்பதான் ராட் விஷயம். மேல சொன்ன லூரு எல்லாம் 3/8ல இருந்து முக்கால் அவுன்ஸுக்குள்ள, லைன் 17, 20. ராடோட கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல பொடி எழுத்துல லூர் எடை, லைன் பவுண்டு ரெண்டும் போட்டிருக்கும், அதைப் படிங்க, 3/8 - 1 அவுன்ஸ், 12 - 20 பவுண்டுன்னு இருக்கறதை எடுங்க. ஏழு அடி மூணு இன்ச், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், காஸ்டிங் ராட். மீடியம் ஹெவிங்கறது அதோட பலம், ஃபாஸ்ட்ங்கறது நுனி மட்டும் வளைஞ்சு அடிப்பக்கம் விறைப்பா நிக்கறது. புழுவுக்குள்ள மறைஞ்சிருக்கற தடி முள்ளை பெரிய மீனோட வாயில ஏத்த இந்த விறைப்பு இல்லாம முடியாது.

லிப்லெஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் வளையற ராட் இருந்தா நல்லதுதான், விறைப்பான ராட்ல சின்ன ட்ரெபிள் முள்ளு (மூணு முனை முள்ளு) பிச்சுக்கிட்டு வந்துடும். ஒரே ராட்தான்னா ட்ராகை (மீன் இழுத்தா லைனை விட்டுக் குடுக்கற ரீல் அமைப்பு) கொஞ்சம் தளர்த்தி வெச்சு சமாளிக்கலாம். தவளையை சீரியஸா எடுத்துக்கிட்டா பின்னாடி ஒரு ஹெவி ராட் வாங்குங்க, அவசரமில்ல.

அஞ்சாவது படி: ரீல்

பெய்ட்காஸ்டர், அதாவது ராட் மேல உக்கார்ற ரீல், கியர் 7:1 பக்கம் (ஹேண்டில் ஒரு சுத்துக்கு ஸ்பூல், அதாவது லைன் இருக்கற உருளை, ஏழு சுத்து). பெரிய மீன் லூரைக் கவ்விட்டு உங்களைப் பார்த்தே ஓடி வரும்போது தொங்கற லைனை சட்டுனு சுத்தி எடுக்க இந்த ஸ்பீடு வேணும். பெயரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க, ட்ராக் இழுக்கும்போது வெட்டி வெட்டிப் போகாம வழவழன்னு போகுதான்னு கடையிலயே இழுத்துப் பாருங்க.

புது ஆளுங்க பயப்படறது பேக்லாஷுக்கு, மாஞ்சா நூல் சிக்கின மாதிரி ஸ்பூல்ல ஒரு பந்து உக்காந்துக்கும். லூரைக் கட்டி, பட்டனை அழுத்தி விடுங்க, லூர் மெதுவா இறங்கணும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்னுடணும், அது வரைக்கும் ஹேண்டில் பக்கம் இருக்கற சின்னத் திருகைத் திருகுங்க. ஹேண்டிலுக்கு எதிர்ப் பக்கம் இருக்கற பிரேக்கை முக்கால்வாசிக்கு மேல வைங்க. முள்ளு இல்லாத பிராக்டிஸ் வெயிட்டைக் கட்டி வீட்டுப் பின்னாடி புல்லுல வீசிப் பழகுங்க, தண்ணியில விழறதுக்கு ஒரு கணம் முன்னாடி கட்டை விரல் ஸ்பூலைத் தொடணும், அந்த டைமிங் வந்துட்டா பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். எதிர்காத்துல யாரு வீசினாலும் சிக்கும், விடுங்க.

ஆறாவது படி: கடிச்ச பிறகு

லூருக்கு லூர் இது மாறும். ஜிக், புழுன்னா டக்னு ஒரு தட்டு, இல்ல லைன் பக்கவாட்டுல நகரும், உடனே நுனியைத் தாழ்த்தி தொங்கலை சுத்தி எடுத்துட்டு ஓங்கி ஒரு இழு. லிப்லெஸ்ன்னா ஓங்கவே வேண்டாம், சுத்திக்கிட்டே ராடை ஒரு பக்கம் சாய்ச்சாப் போதும். தவளைன்னா தண்ணி வெடிச்சதும் கை தானா இழுக்கப் பார்க்கும், அடக்குங்க, தவளை மறைஞ்சு லைன்ல கனம் தெரிஞ்ச பிறகுதான் இழுக்கணும்.

ரப்பர் பூசின பெரிய வலை ஒண்ணு கட்டாயம் வாங்குங்க. பெரிய மீனை ஒரு கையால தாடையைப் பிடிச்சுத் தொங்க விட்டு போட்டோ எடுக்காதீங்க, அந்த எடைக்கு தாடை கழண்டுடும், இன்னொரு கையை வயித்துக்கு அடியில குடுங்க. கையை நனைச்சுட்டுத் தொடுங்க. லேக் ஃபோர்க்ல 16 இன்ச்சுக்கு மேல, 24 இன்ச்சுக்குக் கீழ இருக்கற பாஸை வெச்சுக்க முடியாது, அந்த இடத்துலயே விட்டாகணும், 24 அல்லது அதுக்கு மேல நாளைக்கு ஒண்ணுதான். நான் அதையும் விட்டுடுவேன், சாப்பிடணும்னா கேட்ஃபிஷ் இருக்கே.

எட்டு பவுண்டோ 24 இன்ச்சோ தாண்டிடுச்சுன்னா பெரிய பாஸைப் பதிவு பண்ற ஸ்டேட்டோட ஷேர்லங்கர் புரோகிராம்ல பதியலாம், 1986ல ஆரம்பிச்சது. எடை காட்டற தராசோட, அளவு பலகையோட போட்டோ எடுத்து ஆப்ல போட்டா அதுக்குன்னு ஒரு கிட் அனுப்புவாங்க. ஜனவரி 1ல இருந்து மார்ச் 31க்குள்ள 13 பவுண்டு, அதுக்கு மேல பிடிச்சீங்கன்னா கதையே வேற, மீனை உயிரோட வெச்சுட்டு அவங்களுக்கு போன் பண்ணணும், ஆளுங்க நேர்ல வந்து டெக்சஸ்லயே ஏதன்ஸ்ங்கற ஊர்ல இருக்கற மீன் பண்ணைக்குக் கொண்டு போய் குஞ்சு பொரிக்க வைப்பாங்க. அந்த நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கங்க, மீன் கையில இருக்கும்போது தேட முடியாது.