ஆங்கில ரெஸ்யூமே: முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள்

ரெஸ்யூமே எழுத உட்கார்ந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். நண்பருடையதை வாங்கி, அவர் பெயரை அழித்து நம் பெயரைப் போட்டு, படிப்பையும் மதிப்பெண்ணையும் மாற்றிவிடுவோம். என் முதல் ரெஸ்யூமே அப்படி உருவானதுதான். நான்கு பக்கம் இருந்தது. சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன் என்று மேலே ஓர் இரவல் பத்தி. மாதக்கணக்கில் அனுப்பியும் எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. என் ஆங்கிலம் சரியில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு எடுத்துப் படித்தபோது, அதில் இலக்கணப் பிழை அதிகம் இல்லை. எனக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்ற விஷயம்தான் அந்த நான்கு பக்கத்தில் எங்குமே இல்லை.

அதனால், ஆங்கிலத்தில் தயக்கம் உள்ள யாருக்கும் நான் சொல்வது இதுதான்: சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதி முடித்துவிடுங்கள். ஆங்கிலம் அப்புறம் வரட்டும். ரெஸ்யூமேக்கு வேண்டிய ஆங்கிலம் சின்னச் சின்ன வரிகள்தான். விஷயம் கையில் இருந்தால் ஒரு மாலையில் மாற்றிவிடலாம்.

ஓர் உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவர், பெரிய கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்பைக் கவனிக்கும் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், ஓசையோடு மனதில் நிற்கும்.

முதல் படி: விளம்பரத்தில் கோடு போடுங்கள்

வேலை விளம்பரத்தை அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு திறமையின் கீழும் கோடு போடுங்கள். ‘மஸ்ட்’, ‘ரெக்வயர்டு’ என்ற சொற்களோடு வருவது கட்டாயம் வேண்டியது. ‘ப்ரிஃபர்டு’ என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ஒரே சொல் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் அதற்கு இரட்டைக் கோடு.

நம் மருந்துக் கடைக்காரரின் தாளில் நான்கு சொற்கள் மிஞ்சின: இன்வென்டரி, ஸ்டாக் ரெக்கார்ட்ஸ், எக்செல், அக்யூரசி. இனி அவர் எழுதப்போவது எல்லாம் இந்த நான்குக்கும் பதில்.

1482 வாக்கில் லியனார்டோ டா வின்சி, மிலன் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதில் தன் திறமைகளை வரிசையாக அடுக்குகிறார்: சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், கோட்டைகளைத் தகர்க்கும் வழிகள். ஓவியம் வரையத் தெரியும் என்பது கிட்டத்தட்ட கடைசியில்தான் வருகிறது. இன்று உலகமே அவரை ஓவியராகக் கொண்டாடுகிறது. ஆனால் அன்று அந்த ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது போர்க்கருவி தெரிந்த ஆள். எதை முதலில் சொல்வது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். நமக்கு எது பெருமையோ அது கொஞ்சம் காத்திருக்கலாம், கேட்பவருக்கு எது வேண்டுமோ அது மேலே போகட்டும்.

இரண்டாம் படி: தமிழில் கொட்டுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அழகாக எழுத வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். ஒரு நாளில் என்னென்ன செய்தேன்? எத்தனை பேருக்கு, எத்தனை பொருளுக்கு, எவ்வளவு நேரத்தில்? நான் சேர்வதற்கு முன் அது எப்படி நடந்தது, என்னால் என்ன மாறியது? எதை என்னை நம்பி ஒப்படைத்தார்கள்? நான் லீவு போட்டால் எந்த வேலை நின்றுபோகும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்பவர்கள்கூட இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவார்கள்.

நம் ஆள் முதலில் எழுதியது ஒரே வரி: ‘கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தேன், பில் போட்டேன்.’ கேள்விகளைக் கேட்கக் கேட்க வேறு விஷயங்கள் வெளியே வந்தன. கடையில் சுமார் 1,200 வகை மருந்துகள். காலாவதியாகி வீணாகப் போவதைப் பார்த்து, அவராகவே எக்செலில் ஒரு பட்டியல் தயாரித்தார். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே மருந்துகளைப் பிரித்து, சப்ளையருக்குத் திருப்பி அனுப்ப வழி செய்தார். மாதக் கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் ஆகிக்கொண்டிருந்தது, பட்டியல் வந்தபின் ஒரே நாளில் முடிந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குப் பில் போடக் கற்றுக்கொடுத்தார். கிடங்குக்காரர்கள் தேடும் ஆளே இவர்தான், முதல் வரியில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரியான எண் தெரியாவிட்டால் நேர்மையாக ஒரு மதிப்பீடு போட்டு, முன்னால் ‘அபவுட்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். இன்டர்வியூவில் ‘எப்படிக் கணக்கிட்டீர்கள்?’ என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிற எண்ணைத்தான் எழுத வேண்டும்.

இன்னும் வேலைக்கே போகாதவர்களும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். கல்லூரி ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், தன்னார்வப் பணி, குடும்பத் தொழிலில் கணக்குப் பார்த்தது, சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, எல்லாமே செய்த வேலைதான். சம்பளம் வந்ததா என்று இந்த நோட்டு கேட்பதில்லை.

மூன்றாம் படி: கடைசிச் சொல்லை முதலில் கொண்டுவாருங்கள்

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். ரெஸ்யூமே ஆங்கிலத்தில் அதுதான் முதல் ஆளாக நிற்க வேண்டும். எனவே உங்கள் தமிழ் வரியின் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள், அதற்கு ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்து வரியின் தொடக்கத்தில் வையுங்கள். மீதி தானாகப் பின்னால் வரும்.

‘1,200 வகை மருந்துகளின் இருப்பை எக்செலில் பராமரித்தேன்.’ கடைசிச் சொல் பராமரித்தேன். ஆக: ‘மெயின்டெய்ன்டு ஸ்டாக் ரெக்கார்ட்ஸ் ஃபார் அபவுட் 1,200 மெடிசின்ஸ் இன் எக்செல்.’

‘மாதக் கணக்கெடுப்பை இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தேன்.’ ஆக: ‘ரெட்யூஸ்டு த மந்த்லி ஸ்டாக் கவுன்ட் ஃப்ரம் டூ டேஸ் டு ஒன்.’

‘புதிய ஊழியர் இருவருக்குப் பில் போடக் கற்றுக்கொடுத்தேன்.’ ஆக: ‘ட்ரெய்ன்டு டூ நியூ ஸ்டாஃப் மெம்பர்ஸ் இன் பில்லிங்.’

இந்த வரிகள் எதிலும் ‘ஐ’ இல்லை, கவனித்தீர்களா? பராமரித்தேன் என்றாலே அதில் ‘நான்’ அடங்கியிருக்கிறது. ரெஸ்யூமே வரியிலும் அப்படித்தான், செய்தவர் நீங்கள் என்பது சொல்லாமலே புரியும். விட்டுவந்த வேலைக்கு இறந்தகாலம்: மெயின்டெய்ன்டு. இப்போதும் அங்கேயே வேலை பார்த்தால், தினமும் செய்வதற்கு நிகழ்காலம்: மெயின்டெய்ன். மெயின்டெய்ன்ஸ் என்று எழுதினால் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதாகிவிடும். இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று தொடங்கும் வரிகளை மாற்றிவிடுங்கள். அது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பைச் சொல்கிறது, செய்தீர்களா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. அதற்காக ‘ஸ்பியர்ஹெடட்’ (தலைமை தாங்கி நடத்தினேன்), ‘ரெவல்யூஷனைஸ்டு’ (புரட்சியே செய்தேன்) என்று படைநடத்தவும் வேண்டாம். செக்டு, அரேஞ்ச்டு, டிசைன்டு, சால்வ்டு, ப்ரிப்பேர்டு போன்ற எளிய சொற்களே போதும். ‘ஹார்டுவொர்க்கிங்’, ‘டீம் ப்ளேயர்’ போன்றவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள், படிப்பவர் கண் அவற்றில் நிற்பதில்லை. இரண்டு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தேன் என்ற வரியே நீங்கள் பிறரோடு சேர்ந்து உழைப்பவர் என்று காட்டிவிடும்.

நம்மிடையே சரளமாகப் புழங்கும் சில சொற்கள் வெளியே வேறு பொருள் தரும். ‘பாஸ்டு அவுட் இன் 2021’ என்று எழுதினால், அந்த ஆண்டு மயங்கி விழுந்தேன் என்றே பலரும் புரிந்துகொள்வார்கள். ‘கிராஜுவேட்டட் இன் 2021’ என்பதுதான் சரி. ‘ஃப்ரெஷர்’ என்பதற்கு ‘ரீசன்ட் கிராஜுவேட்’. ‘டிஸ்கஸ்டு’ வந்தால் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். வேற்று நாட்டுக்கு அனுப்பும்போது லட்சம், கோடியை மில்லியனாக மாற்றுங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், காற்புள்ளியும் 1,000,000 என்று இடம் மாறும். ஆர்கனைஸ்டு போன்ற சொற்களைப் பிரிட்டிஷ் முறையிலோ அமெரிக்க முறையிலோ எழுதலாம், ஆனால் ஒரே தாளில் இரண்டும் கலக்கக் கூடாது. வேர்டில் சரிபார்க்கும் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மாறி வரும் பெரும்பாலான சொற்களுக்கு அதுவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்றால், இந்தக் கட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீங்கள் எழுதிய வரியைக் கொடுத்து இலக்கணம் மட்டும் திருத்தச் சொல்லுங்கள். முழு ரெஸ்யூமேயையும் அதையே எழுதச் சொன்னால் நீங்கள் செய்யாததும் சேர்ந்து வரும். அது திருத்திய வரியில் உங்களால் விளக்க முடியாத சொல் ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: தாளில் அடுக்குங்கள்

உச்சியில் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழ் நாட்டுக் குறியீட்டோடு போன் எண், மின்னஞ்சல், ஊர், இருந்தால் லிங்க்ட்இன் முகவரி. மின்னஞ்சல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், விளையாட்டாக வைத்த பழைய முகவரி வேண்டாம். வீட்டுக் கதவு எண் வரை எழுதத் தேவையில்லை.

அடுத்து ‘சம்மரி’, இரண்டு மூன்று வரி. நான் இரவல் வாங்கியது போன்ற ‘அப்ஜெக்டிவ்’ பத்தியின் இடத்தில் இதுதான் வர வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று அப்ஜெக்டிவ் சொல்லும், உங்களுக்கு நான் என்ன செய்துதர முடியும் என்று சம்மரி சொல்லும். நம் ஆளுடையது இப்படி: ‘ஸ்டாக் அசிஸ்டன்ட் வித் டூ இயர்ஸ் ஆஃப் ஃபார்மசி எக்ஸ்பீரியன்ஸ். ஸ்கில்டு இன் எக்செல் ரெக்கார்ட்ஸ் அண்டு எக்ஸ்பைரி ட்ராக்கிங்.’ இதைக் கடைசியாக எழுதுங்கள், மற்றதெல்லாம் முடிந்தபின் சுலபமாக வரும்.

பிறகு வேலை அனுபவம், புதியது மேலே, பழையது கீழே. ஒவ்வொன்றுக்கும் பதவி, நிறுவனம், மாதம், ஆண்டு, அதன் கீழ் மூன்று முதல் ஐந்து வரி. அதிலும் விளம்பரத்துக்கு நெருக்கமான வரி முதலில். 2018-இல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் கண்ணசைவை வைத்து ஆராய்ந்தபோது, தேர்வாளர்கள் ஒரு ரெஸ்யூமேயின் மீது முதல் பார்வைக்குச் செலவிட்டது சராசரியாக 7.4 விநாடி என்று தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் நீங்கள் ஒளித்து வைத்த நல்ல வரி அந்த நேரத்தில் கண்ணில் படாது. அதன் பிறகு படிப்பு, திறமைகள். இப்போதுதான் படித்து முடித்தவர் என்றால் படிப்பும் ப்ராஜெக்டும் மேலே வரலாம்.

தொடக்க நிலையில் ஒரு பக்கம் போதும், அனுபவம் கூடினால் இரண்டு. அமெரிக்காவில் ரெஸ்யூமே என்பதைத்தான் பிரிட்டனில் சிவி என்கிறார்கள், அங்கே இரண்டு பக்கம் சாதாரணம். ஆனால் அமெரிக்காவில் சிவி என்றால் ஆய்வுக் கட்டுரைகள் வரை பட்டியலிடும் நீண்ட ஆவணம். இவ்விரு நாடுகளுக்கும் கனடாவுக்கும் அனுப்பும்போது புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை எதுவும் போடக் கூடாது. பாகுபாட்டுக்கு இடம் தரக் கூடாது என்பதற்காக அங்கே அவற்றைத் தவிர்க்கிறார்கள். ஜெர்மனியில் புகைப்படம் கட்டாயமில்லை, ஆனாலும் இன்றும் பலர் வைக்கிறார்கள். மற்றபடி விளம்பரம் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

ஃபான்ட் கலிப்ரி அல்லது ஏரியல், அளவு 10 முதல் 12. நிறம், ஐகான், திறமைக்கு நட்சத்திரம் போடுவது எல்லாம் வேண்டாம். எக்செலில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்றால் என்ன தெரியும் என்று யாருக்கும் புரியாது. எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் ‘பிவட் டேபிள்’ தெரியும் என்றால் அதை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மென்பொருளால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் ஏடிஎஸ் என்ற மென்பொருளுக்குள் போகும். அது ரெஸ்யூமேயின் எழுத்துகளைப் பிரித்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று சேமித்துவைக்கும். தேர்வாளர் ‘இன்வென்டரி’ என்று தேடினால், அந்தச் சொல் உள்ள ரெஸ்யூமேக்கள் வரும். விளம்பரத்தில் உள்ள சொல்லையே நீங்களும் பயன்படுத்த வேண்டும் என்பது இதனால்தான். செய்யாத வேலையின் சொல்லை மட்டும் திணிக்காதீர்கள்.

பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த டெம்ப்ளேட், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் இவற்றில் சில மென்பொருள்கள் தடுமாறும். சோதிப்பது எளிது. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் சரி. ஒன்றோடொன்று கலந்தாலோ எழுத்தே வராவிட்டாலோ, வேர்டில் ஒற்றை நெடுவரிசையாக மாற்றி, மறுபடி பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அச்செடுத்து ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள், அது வெறும் படம்.

ஆறாம் படி: ஒரு நாள் ஆறப்போட்டு அனுப்புங்கள்

எழுதிய அன்றே அனுப்பாதீர்கள். மறுநாள் அச்செடுத்து வாய்விட்டுப் படித்தால், திரையில் தெரியாத பிழை நாக்கில் தட்டும். தேதிகள் எல்லாம் ஒரே முறையில் இருக்கின்றனவா பாருங்கள். போன் எண்ணை இன்னொருவரிடம் கொடுத்து, தாளைப் பார்த்து உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரும் பதவியும் சேர்த்துப் பெயரிடுங்கள். ‘ஃபைனல் நியூ 3’ என்ற ஃபைல் யாருடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அனுப்பிய பிறகு, அந்த ரெஸ்யூமேயையும் விளம்பரத்தையும் ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். அழைப்பு சில வாரம் கழித்து வரலாம். அதற்குள் விளம்பரத்தை இணையத்திலிருந்து எடுத்திருப்பார்கள், நீங்களும் வேறு பல இடங்களுக்கு வேறு வேறு வரிகளோடு அனுப்பியிருப்பீர்கள். இன்டர்வியூவுக்கு முந்தின இரவு அந்த ஃபோல்டரையும், தமிழில் கொட்டிய நோட்டையும் எடுத்துப் படியுங்கள். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்த நோட்டில் இருக்கும்.