உளி மட்டும் போதுமா? மரவேலை ஆர்வலருக்குப் பரிசு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கப் பால்கனியில், நான்கடிப் பலகை ஒன்றைச் சுவரோடு பிணைத்து, அதற்குப் பட்டறை என்று பெயரும் வைத்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் முக்காலியும் புத்தகத் தாங்கியும் செய்து பழகிவருபவன் நான். இது உறவினருக்கும் நண்பர்களுக்கும் தெரியவந்த நாளிலிருந்து, பிறந்தநாள் என்றாலும் பொங்கல் என்றாலும் எனக்கு வருவது ஏதாவதொரு கருவிதான். அவற்றில் சரிபாதி இன்று பரண்மேல் இருக்கின்றன. கொடுத்தவர்களின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பணமும் தாராளமாகவே செலவழித்திருக்கிறார்கள். நான் எவ்வளவு இடத்தில், எந்த மரத்தில், ஏற்கெனவே எந்தக் கருவிகளோடு வேலை செய்கிறேன் என்பதைப் பார்க்காமல் வாங்கியதில்தான் பிழை நேர்ந்தது.

பரணில் முதலில் ஏறியது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் நூற்றுச் சொச்சம் உருப்படிகள் இருந்தன. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே சேர்த்த ஸ்பானர் தலைகளையும் ஸ்குரு டிரைவர் முனைகளையும் தள்ளிவிட்டால், மரத்துக்கு உதவுவன சுத்தியலும் அளவு நாடாவும் மட்டுமே, அவை இரண்டும் மரவேலையில் இறங்கிய எவரிடமும் முதல் வாரத்திலேயே வந்துவிட்டிருக்கும். அந்தப் பணத்தில் செங்கோணம் பார்க்கும் நல்ல மூலைமட்டம் ஒன்று வாங்கியிருக்கலாம். அது சரியானதா என்பதை மரவேலை தெரியாதவரும் கடையிலேயே சோதித்துவிட முடியும். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பிறகு மட்டத்தைப் புரட்டி மறுபக்கமாக வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வாங்கலாம். மேலே போகப்போக விலகினால், உள்ள பிழையைப் போல் இரு மடங்காக அந்த விலகல் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உளி வாங்குவோர் பெரும்பாலும் உளியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கைக்கருவிகளில் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இங்குதான் இருக்கிறது. புதிய உளியின் வாய் வழக்கமாக 25 பாகைச் சரிவில் தொழிற்சாலையிலேயே சாணை பிடிக்கப்பட்டு வரும் என்றாலும், அது வேலைக்கு ஆயத்தமான கூர்மை அன்று. உளியின் தட்டையான முதுகுப்புறத்தில் எந்திரம் கீறிய கோடுகள் அப்படியே இருக்கும். என் மைத்துனர் ஆறு உளிகள் கொண்ட தொகுப்பு ஒன்றைக் கொடுத்தபோது, ஆசையோடு 12 மி.மீ. உளியை எடுத்து, தேக்குத் துண்டு ஒன்றின் குறுக்கு முகத்தில் வைத்துக் கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். நார்கள் அறுபடவே இல்லை, நசுங்கி, பழுப்புத் தூளாகப் பிய்ந்து வந்தன. அன்று பிற்பகல் முழுவதும் அதன் முதுகை 1000 கிரிட் (இந்த எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும்) தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்தி, 6000 கிரிட் கல்லில் மெருகேற்றி, வாயின் நுனியை மட்டும் 30 பாகைக்குத் தூக்கித் தீட்டி முடித்தேன். பிறகு அதே துண்டில், அதே கையால், வெங்காயச் சருகு போன்ற சீவல் ஒன்று முழுதாகச் சுருண்டு எழுந்தது. வெட்டிய முகம் மெழுகு தேய்த்தது போல் பளபளத்தது.

ஆகவே உளி தருபவர் அதோடு தீட்டுக்கல்லும் சேர்த்துத் தர வேண்டும். பணம் போதவில்லை என்றால் ஆறு உளிகளுக்குப் பதிலாக 6 மி.மீ., 18 மி.மீ. என்று இரண்டு நல்ல உளிகளும், ஒருபக்கம் கரடும் மறுபக்கம் வழவழப்புமாக உள்ள இருமுகக் கல் ஒன்றும் வாங்கினால், பெறுபவர் அன்றே வேலை தொடங்குவார். நம்மூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேக்கில் இயல்பாகவே மணற்சத்தான சிலிக்கா இருப்பதால், மற்ற மரங்களைவிட விரைவாக அது கருவியின் வாயை மழுக்கிவிடும். பெறுபவரிடம் ஏற்கெனவே கல் இருந்தால், அவர் தண்ணீர்க் கல் பயன்படுத்துகிறாரா, எண்ணெய்க் கல்லா, வைரத் தகடா என்று கேட்டறிந்து அதற்கேற்ப வாங்குவது நல்லது. தண்ணீர்க் கல்லில் ஒருமுறை எண்ணெய் ஊறிவிட்டால் அதை மீட்பது கடினம்.

மரத்தைச் சீவிச் சமப்படுத்தும் இழைப்புளி வாங்குவோருக்கு ஒரு குறிப்பு போதும். உலோக இழைப்புளிகளுக்கு ஸ்டான்லி நிறுவனம் வைத்த எண்களையே பிற நிறுவனங்களும் பெரிதும் பின்பற்றுகின்றன. 4 என்பது ஏறத்தாழ ஒன்பதரை அங்குல நீளமும், 5 என்பது ஏறத்தாழ 14 அங்குல நீளமும் உடையவை. அவரிடம் எந்த எண் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மற்றதை வாங்கலாம்.

கைக்கருவியில் அளவு தவறினால் பரணுக்குப் போகும், அவ்வளவே. எந்திரத்தின் உதிரிப் பொருளில் அளவு தவறினால் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். பலகை விளிம்பில் அலங்கார வளைவும் நடுவில் பள்ளமும் எடுக்கும் ரூட்டருக்கான பிட்கள் அழகான மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி விற்கப்படுவதால், பரிசு தேடுபவரின் கண் அவற்றில்தான் முதலில் விழும். அந்த பிட்களின் தண்டு 6 மி.மீ., கால் அங்குலம், 8 மி.மீ., அரை அங்குலம் எனப் பல தடிமன்களில் வருகிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ., ஆகவே அதற்கும் 6 மி.மீ. தண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத 0.35 மி.மீ. மட்டுமே. கால் அங்குலத் தண்டு, ரூட்டர் தண்டைக் கவ்வும் 6 மி.மீ. பிடியில் நுழையாது, தொல்லை அதோடு முடிந்துவிடும். மறுதலையாக, 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலப் பிடியில் போட்டு முறுக்கினால் இறுகியதுபோலவே தோன்றி, எந்திரம் முழு வேகத்தில் சுழலும்போது வழுக்கி வெளியே வரக்கூடும். அவருடைய ரூட்டரின் மாதிரி எண் தெரியாமல் பிட் வாங்க வேண்டாம்.

பேட்டரிக் கருவிகளிலும் இதே சங்கடந்தான். ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. வேறு நிறுவனத்தின் டிரில்லைப் பரிசாகக் கொடுத்தால், பெறுபவர் இரண்டாவது சார்ஜரையும் இரண்டாவது வரிசைப் பேட்டரிகளையும் காலமெல்லாம் சுமக்க வேண்டியவராகிறார். அமெரிக்கப் பெட்டிகளில் காணும் 20 வோல்ட் என்ற எண்ணைக் கண்டு அது நம்மூர் 18 வோல்ட்டைவிட வலிமையானது என்றும் எண்ணிவிடக் கூடாது. இரண்டிலும் தொடராக இணைந்திருப்பவை அதே ஐந்து மின்கலங்கள்தாம், முழுதாக ஏற்றிய கணத்தில் அளந்தால் ஓர் எண், வழக்கமான நிலையில் அளந்தால் மற்றோர் எண்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் கருவி வாங்கிவருவது இப்போது வழக்கமாகிவிட்டதால், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. என் சித்தப்பா மகன் ஆசையாகக் கொண்டுவந்த டிரில்லின் சார்ஜரை, முள் மாற்றும் அடாப்டர் ஒன்றின் வழியாகச் சுவரில் செருகியபோது, "டப்" என்றொரு ஓசையும் கருகிய வாடையும் வந்ததோடு பரிசு வழங்கும் விழா முடிவுற்றது. அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. சார்ஜரின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அச்சமின்றிச் செருகலாம், 120 மட்டும் இருந்தால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். விமானப் பயணத்துக்கும் விதிகள் உண்டு. தனியாக உள்ள லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்; 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி என்பதால் தப்பித்துவிடும், 6 ஆம்பியர்-மணி பேட்டரி 108 ஆகிவிடும். உளியும் ரம்பமும் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

அடுத்து வருவதை நான் தவறு என்று மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரையும், அதில் மாட்டுவதற்குப் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடையும் சேர்த்துக் கொடுப்பது நம்மூரில் மலிவான, பிரபலமான பரிசு. அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுழலும், உலோகத்தை அராவுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. பல் வைத்த பிளேடு மரத்தின் கணுவில் மாட்டிக்கொண்டால், கருவி முழுவதும் கையிலிருந்து துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்தையோ தொடையையோ நோக்கி வரும். கிரைண்டர் தயாரிப்பாளர்களே பல் வைத்த ரம்பத்தகடுகளை இதில் மாட்டக்கூடாது என்று கையேட்டில் எச்சரிக்கிறார்கள், ஆனால் அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. இந்தச் சேர்க்கையை எவருக்கும் பரிசளிக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் வட்ட ரம்பம் என்றே விற்கப்படும் கருவியையோ, நல்ல கைரம்பத்தையோ கொடுங்கள்.

பாதுகாப்பு என்று நினைத்து வாங்கும் தடித்த கையுறையும் இதே கணக்கில்தான் சேரும். மரத்தைத் தூக்கி அடுக்கும்போது சிராய் ஏறாமல் காக்க அது உதவும். சுழலும் எந்திரத்தின் அருகில் அதே கையுறையின் துணி பிளேடிலோ டிரில் பிட்டிலோ சிக்கினால், விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக மூக்குக்கும் காதுக்கும் செலவழிக்கலாம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. மருத்துவமனையில் கட்டும் நீலநிற முகமூடி நுண்தூளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வகை முகமூடி ஒரு பெட்டியும், காதை முழுதாக மூடும் ஒலித்தடுப்பானும் வாங்கினால், உறையைப் பிரிக்கும்போது எவரும் வியந்து கூவமாட்டார்கள் என்றாலும், என்னிடம் வந்த பரிசுகளில் நாள் தவறாமல் பயன்படுபவை அவையே.

மரத்தையே பரிசாகக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் தோட்டத்தில் சென்ற மாதம் வெட்டிய மாமரத்தின் பலகை வேண்டாம். ஓர் அங்குலத் தடிமன் காற்றில் உலர ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும் என்பது பொதுக்கணக்கு, அதற்கு முன் மேசையாக்கினால் கோடையில் அது வளைந்து வெடிக்கும். செம்மரமும் சந்தனமும் ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) சின்னத் துண்டாக எங்காவது கிடைத்தாலும் உரிய ஆவணமில்லாமல் வாங்க வேண்டாம், பெறுபவர் வனத்துறைக்கு விளக்கம் சொல்ல நேரும். ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. நான் மகிழ்ந்து பெற்ற மரம், காரைக்குடியில் பழைய வீட்டுப் பொருள்கள் விற்கும் கடையிலிருந்து வந்த பர்மாத் தேக்குச் சட்டம் ஒன்று. பல பத்தாண்டுகளாக உலர்ந்து அடங்கிய மரம் அது. அதிலும் ஒரு பொறி இருந்தது. மேற்பரப்புக்குக் கீழே ஒடிந்து தங்கிய பழைய ஆணி ஒன்றை இழைப்புளியின் வாய்தான் முதலில் கண்டுபிடித்தது. பழைய மரம் தருபவர்கள் அதோடு வலிமையான காந்தம் ஒன்றையும் கட்டிக் கொடுத்தால் அது முழுமையான பரிசு.

கடலோர ஊர்க்காரருக்கு வாங்கும்போது துருவையும் கணக்கில் கொள்ள வேண்டும். தோலில் தைத்த உளி உறைச்சுருள் படத்தில் மிக அழகாக இருக்கும். சென்னையின் ஈரக்காற்றில் அந்தத் தோல் ஈரத்தை உறிஞ்சி உளியோடு ஒட்டி வைத்திருக்க, ஐப்பசி அடைமழை முடிந்து பிரித்தால் உளிகளின்மேல் செம்புள்ளிகள் பூத்திருக்கும். தடித்த கித்தான் உறையும் ஒரு சிறு புட்டி எந்திர எண்ணெயும் அதைவிட மேல். இதை எழுதும்போது ஆயுத பூசை நினைவுக்கு வருகிறது. கருவி பரிசளிக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஆனால் பூசையில் வைத்த ஈரச் சந்தனப் பொட்டை மறுநாள் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால், அந்த இடத்தில் வட்டமாகத் துரு பிடிக்கும் என்பதை என் இழைப்புளியின் பக்கவாட்டு இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது என்ற எண்ணமுள்ள வீட்டில் எந்த நாளில் பொட்டலத்தை நீட்டுகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வளவு விசாரிக்க நேரமில்லாதவர்கள் தீர்ந்துபோகும் பொருள்களை வாங்கலாம். 80, 120, 180, 220 கிரிட் உப்புத்தாள்கள் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வாங்கினால் எந்த ஆர்வலரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பசை என்றால் சிறிய டப்பாவே நல்லது. தச்சர்கள் வஜ்ஜிரம் என்ற பழைய பசையைக் காய்ச்சிய காலம் போய், இன்றைய வெள்ளைப் பசைக்குக் காலாவதித் தேதி உண்டு, ஐந்து கிலோ டப்பா பாதியிலேயே கட்டிதட்டிவிடும். ஆளிவிதை எண்ணெய் கொடுத்தால், அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்தும்படி ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள், சுருண்ட துணி தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. ஒட்டும் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது. ஆனால் ஒற்றைக் கிளாம்ப்பால் பலகை ஒட்ட முடியாது, ஒரே நீளத்தில் இரண்டாக வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், பெறுபவர் ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது அவருடைய பட்டறைப் பலகையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த நிறுவனத்தின் பேட்டரி, என்ன அளவு கிளாம்ப், எந்தக் கல், எந்த டப்பா காலி என்று கடைக்காரர் அந்தப் படத்திலிருந்தே சொல்லிவிடுவார். விலைச்சீட்டைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். உளிப்பிடியில் பெயர் பொறிக்கும் ஆசை இருந்தால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெயர் பொறித்த உளியைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள்.