நீளக் கயிற்றின் கைப்பிடி வளையத்தை வெட்டிவிடுங்கள்

கூப்பிட்டதும் வரப் பழக்க, நாய் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும்படி 10 மீட்டர் கயிறு கட்டுகிறீர்களா? அதன் கடைசியில் தைத்திருக்கும் கைப்பிடி வளையத்தை முதல் நாளே வெட்டி எடுத்துவிடுங்கள். நைலான் பட்டை என்றால் வெட்டிய முனையைத் தீயில் லேசாகக் காட்டினால் பிரியாது (உருகிய நைலானை விரலால் தொடவேண்டாம், தோலோடு ஒட்டிக்கொள்ளும்). பருத்திக் கயிறு என்றால் தையல் நூலை இறுக்கிச் சுற்றுங்கள். முடிச்சு மட்டும் போடாதீர்கள்.

வளையமும் முடிச்சும் வேரிலோ கல்லிடுக்கிலோ கருவேலம் தூரிலோ மாட்டும். பாய்ந்து ஓடும் நாய் அந்த இடத்திலேயே வெடுக்கென்று இழுக்கப்படும். மொட்டை நுனி பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்புக் கவசத்தின் (ஹார்னஸ்) முதுகு வளையத்தில் மாட்டுங்கள். எவ்வளவு நல்ல கயிறானாலும் கழுத்தில் கட்டினால் ஆபத்துதான். மொட்டை நுனியிலிருந்து 3 மீட்டரில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டால், அது உங்களைத் தாண்டும்போதே சுதாரித்து, நாய் எட்டாத தூரத்துக்குப் போவதற்கு முன்பே கயிற்றை மிதித்துவிடலாம்.

கயிற்றைக் கையில் பிடித்தபடியே செய்யும் மோப்பப் பயிற்சிக்கு இது வேண்டாம். அங்கே வளையம் இருக்கட்டும், ஆனால் மணிக்கட்டை நுழைக்காதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கும் 10 மீட்டர் சரிப்படாது. அந்தத் தூரத்துக்குள் அவை பிடிக்கும் வேகத்தில் கயிறு இறுகினால் முதுகே அடிபடும். 5 மீட்டருக்கு மேல் விடாதீர்கள்.