வெளிநாட்டுப் பணியாளரும் ஆயிரத்து எண்ணூறு ரூபாயும்

சென்ற மாதம் மாதவரத்தில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்கூடத்துக்குச் சென்றிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் கணக்காளர் தன் சம்பளப் பட்டியலைப் பெருமையுடன் என் முன் திருப்பி வைத்தார். தைவானிலிருந்து வந்திருந்த பொறியாளரின் பெயருக்கு நேரே, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் என்ற கட்டத்தில், 1,800 என்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் இதே கட்டத்தில் இதே எண்ணை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால்தான், வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்போர் அறியாமல் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளுக்குப் பணியாளர் ஆவணங்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சுற்றுலா விசாவில் வந்தவரை வேலைக்கு வைப்பது, பாஸ்போர்ட் காலாவதியானதைக் கவனிக்காமல் விடுவது போன்ற தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. நம் நாட்டில் விசா தனி, பணி அனுமதி தனி என்ற இரட்டை ஏற்பாடு கிடையாது, வேலைவாய்ப்பு விசாவே இரண்டுமாக நிற்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

‘எல்லாம் நம்ம கம்பெனிதானே’

மண்ணடியில் ஒரு வணிக நிறுவனம், மணலியில் ஒரு பிரைவேட் லிமிடெட், கொடுங்கையூரில் மனைவி பெயரில் ஒரு பங்குதாரர் நிறுவனம் என்று வைத்திருக்கும் முதலாளிகள் வடசென்னையில் நிறைய உண்டு. மண்ணடி நிறுவனத்தின் கடிதத்தில் விசா வாங்கிய வெளிநாட்டுத் தொழில்நுட்பர் மணலி ஷெட்டில் தினமும் நிற்பார். கேட்டால் மேலே சொன்ன பதில்தான் வரும். வேலைவாய்ப்பு விசா தரப்படுவது அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறுவனத்திடம் வேலை செய்வதற்காகவே. தாய் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் இடையே, அல்லது ஒரே தாய் நிறுவனத்தின் துணை நிறுவனங்களுக்கு இடையே, முன் அனுமதி பெற்று மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் ஒரே குடும்பம் நடத்துகிறது என்பதால் மட்டும் இரண்டு நிறுவனங்கள் தாயும் துணையும் ஆகிவிடமாட்டா. வேறு நிறுவனத்துக்குத்தான் அவர் தேவை என்றால், நாட்டை விட்டுப் போய்ப் புதிய விசாவில் திரும்ப வேண்டும். விசா நிபந்தனையை மீறுவோருக்கு 2025ஆம் ஆண்டின் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையும் மூன்று இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இந்தத் தண்டனை முதலில் போய் விழுவது, ‘அங்கே போய் நில்’ என்று முதலாளி சொன்னதைக் கேட்டு நின்ற அந்த மனிதர் மீது.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விடுவது

180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். முன்பு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் காலை முழுவதும் உட்கார வேண்டியிருந்தது. 2018க்குப் பிறகு இணையத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தெரியாமல் போவது இன்னொன்று. அவருக்கு வீடு கொடுத்தவர், அவர் அங்கே தங்கியிருக்கும் தகவலை 24 மணி நேரத்துக்குள் அதே பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். ‘சி படிவம்’ என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதைத்தான். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் மாடி வீட்டை வாடகைக்கு விடும் அம்மாவுக்கு அப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. ஒருமுறை அப்படிப்பட்ட ஒருவரிடம் விளக்கியபோது, “போலீஸ் கேஸ் எதுவும் வராதே தம்பி?” என்று மூன்று தடவை கேட்டார், பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே வாடகை பேசும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். ஆள் விமானம் ஏறிய பிறகு வேண்டாம்.

ஆயிரத்து எண்ணூறு

இப்போது என் கதை. 2016இல் நான் ஒரு ஆலையில் நிருவாக அலுவலராக இருந்தேன். டை (அச்சு) வடிவமைப்புக்கு மலேசியாவிலிருந்து ஒருவரை எடுத்தோம். அவர் தமிழர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தார். ஆதலால் விசா வேண்டியதில்லை, பதிவு அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. கேன்டீனில் எங்களோடு சாம்பார் சாதம் சாப்பிட்டார், ஆயுத பூசைக்கு எந்திரத்துக்குச் சந்தனம் வைத்தார். அவரை வெளிநாட்டவர் என்று நினைவூட்டும் காகிதம் எதுவும் என் மேசைக்கு வரவே இல்லை.

அடிப்படைச் சம்பளம் ஒன்றரை இலட்சம். மற்ற எல்லோருக்கும் செய்வதுபோல், 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 விழுக்காடு கணக்கிட்டு, அவர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800 என்று மாதந்தோறும் கட்டினேன். அந்த உச்சவரம்பு இந்தியத் தொழிலாளர்களுக்கானது. 2008 அக்டோபர் முதல் ‘சர்வதேசத் தொழிலாளர்’ என்ற தனி வகை இருக்கிறது: இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர், வைப்பு நிதிக்கு உட்பட்ட நிறுவனத்தில் வேலை செய்தால், அவருக்கு உச்சவரம்பே கிடையாது, முழுச் சம்பளத்துக்கும், முதல் நாளிலிருந்தே, இரு தரப்பும் கட்ட வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கோலாலம்பூர் வங்கிக் கணக்கில் போட்டாலும் அதுவும் கணக்கில் சேரும். விசா விலக்கு என்பது வேறு, வைப்பு நிதி விலக்கு என்பது வேறு. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

26 மாதம் வேலை செய்துவிட்டு அவர் ஊருக்குத் திரும்பினார். மறு ஆண்டு வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. விசாரணை நாளன்று அதிகாரி எதுவும் பேசாமல், வேலையில் சேரும்போது வைப்பு நிதிக்காக நிரப்பும் படிவம் 11ஐ என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். ‘சர்வதேசத் தொழிலாளியா?’ என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். அது என் பேனா. அதற்கு இரண்டு வரி கீழே, பாஸ்போர்ட் எண் என்ற இடத்தில், அவருடைய மலேசியப் பாஸ்போர்ட் எண்ணையும் நானே அழகாக எழுதியிருந்தேன்.

கணக்கு இதுதான். கட்ட வேண்டியது ஒரு பங்குக்கு 18,000, கட்டியது 1,800. குறைவு 16,200, இரு பங்கும் சேர்த்து மாதம் 32,400, 26 மாதத்துக்கு 8,42,400 ரூபாய். அதன் மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. அதற்கும் மேல் தாமதத்துக்கான இழப்பீடு, அன்றைய விகிதப்படி ஆண்டுக்கு 25 விழுக்காடு வரை. எல்லாம் சேர்ந்து பதினான்கு இலட்சத்தைத் தாண்டியது. இதில் பாதி அவர் சம்பளத்திலிருந்து பிடித்திருக்க வேண்டிய பணம். ஆனால் வேலையை விட்டுப் போனவரிடம் பழைய பிடித்தத்தை வாங்க வழியில்லை. நிறுவனமே இரண்டையும் கட்டியது. முதலாளி என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. அந்த ஆண்டு போனஸ் கேட்கும் முகம் எனக்கும் இல்லை.

அந்த மலேசியருக்காவது மகிழ்ச்சியா என்றால் அதுவும் இல்லை. இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை (வைப்பு நிதி, ஓய்வூதியம் போன்றவை பற்றிய ஒப்பந்தம்) இல்லாத நாட்டவர், உடல் முற்றிலும் இயலாமல் போனால் ஒழிய, 58 வயதுக்குப் பிறகே பணத்தை எடுக்க முடியும். அவருக்கு அப்போது 41. தொலைபேசியில் அவர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் கைப்பேசியில் ஒரு தீர்ப்பைக் காட்டுவார்கள். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் சர்வதேசத் தொழிலாளருக்கான இந்தத் தனி ஏற்பாட்டை அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது உண்மைதான். 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஏற்பாடு செல்லும் என்றதும் உண்மை. பெங்களூருத் தீர்ப்பை நம்பி மாதவரத்தில் கட்டாமல் இருப்பது, பக்கத்துத் தெருக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நாம் வாங்கிக் குடிப்பது போன்றது.

கொரியா, ஜப்பான், ஜெர்மனி போன்ற உடன்படிக்கை நாடுகளிலிருந்து அவர்களுடைய நிறுவனமே அனுப்பி வைத்த ஆட்களுக்கு விலக்கு உண்டு. அதற்குச் சொந்த நாட்டில் தொடர்ந்து பங்களிப்பதைக் காட்டும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதன் முடிவுத் தேதியைச் சம்பளக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அதே கொரியரை நீங்களே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

ஒப்பந்தத்தில் ஒன்று, படிவம் 16இல் ஒன்று

வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 இலட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். தம் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. விசா வாங்க 17 இலட்சம் எழுதிவிட்டு 11 இலட்சம் கொடுப்பவர்கள், நீட்டிப்புக்குப் போகும்போது படிவம் 16 போன்ற வருமான வரிக் காகிதங்களும் கேட்கப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எழுத்தர், வரவேற்பாளர், மேற்பார்வையாளர்

உள்ளூரில் ஆள் கிடைக்கும் வேலைக்கு விசா கிடைக்காது. பதவிப் பெயரை அலங்கரித்துப் பயனில்லை.

நேபாளத்தவர்

விசா வேண்டாம். வைப்பு நிதியிலும் இந்தியரைப் போலவே கணக்கு. இவருக்கு அந்த 1,800 சரி.

பழைய மாதிரிக் கடிதம்

1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இல்லை. விசாவுக்காக நிறுவனம் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதத்தில் இன்னும் அதையே தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள்.